திரும்ப அழைக்க முடியாத சொல்

கேள்வி: நான் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம்) தொடர்பான கடிதங்களில் 'இர்ரெவக்கப்ளி' (irrevocably) என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியில் 'மாற்ற முடியாதபடி' என்று இருக்கிறது. அதற்கு 'பெர்மனென்ட்லி' என்றே எழுதலாமே? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: எழுதவே கூடாது. 'பெர்மனென்ட்லி' காலத்தைப் பற்றிய சொல். 'இர்ரெவக்கப்ளி' உரிமையைப் பற்றிய சொல். உங்கள் மேசையில் இருக்கும் எல்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் காலாவதித் தேதி இருக்கும். நிரந்தரமானதற்குக் காலாவதி எதற்கு? அந்தத் தேதி வரை, கொடுத்த வாக்கை வங்கி தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது என்பதே பொருள்.

அகராதியின் 'மாற்ற முடியாதபடி'யும் உங்களைத் திசைதிருப்பிவிட்டது. உங்கள் எல்.சி., இத்தகைய கடிதங்களுக்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600-க்கு உட்பட்டதாக இருக்கும். 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதிகளின்படி, 'இர்ரெவக்கபிள்' என்று எழுதாமல் விட்டாலும் எல்.சி. அப்படிப்பட்டதுதான். ஆனால் எல்.சி.யைத் திறந்த வங்கி, தானும் பணம் தருவதாக உறுதியளித்த இரண்டாவது வங்கி ஒன்று இருந்தால் அது, பணம் பெற வேண்டிய நீங்கள் என எல்லோரும் சம்மதித்தால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். கப்பலேற்றும் தேதியைத் தள்ளிவைக்கத் திருத்தம் வாங்குவது உங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பதுதானே? நூல் வாங்கி, சாயமேற்றி, தைத்து, பெட்டியில் அடுக்கிய பிறகு, உங்களைக் கேட்காமல் எதிர்த்தரப்பு கைவிரித்துவிடக் கூடாது. அந்தப் பாதுகாப்பைத்தான் இந்த ஒரு சொல் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது எனக்குப் பதற்றம் தருகிறது.

பிறப்பைப் பார்த்தால் பொருள் தானே விளங்கும். லத்தீனில் 'வோகாரே' என்றால் அழைத்தல். குரலைக் குறிக்கும் 'வோக்ஸ்' அதன் உறவு. உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்ற பொருளில் பிறந்த 'அட்வகேட்'டும் இதே குடும்பம். 'ரெ' என்பது திரும்ப. முன்னால் நிற்கும் எதிர்மறையான 'இன்', ரகரத்தின் முன் 'இர்' எனத் திரிந்தது. நம் புணர்ச்சியில் நடப்பது போலத்தான். ஆக, திரும்ப அழைக்க முடியாதபடி. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் இந்தச் சொல்லை மிகப் பொருத்தமான இடத்தில் வைத்தார்: ஒருமுறை வெளியே விட்ட சொல், திரும்ப அழைக்க முடியாமல் பறந்துவிடும் என்றார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான்.

எனவே வாக்கு, ஆணை, முடிவு, உரிமை ஆகியவற்றோடு இது இயல்பாகப் பொருந்தும். வெந்நீரில் சுருங்கிப்போன கம்பளிச் சட்டைக்கு 'இர்ரிவர்சிப்ளி' (பழைய நிலைக்குத் திருப்ப முடியாதபடி) போதும். அங்கே யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாழ்க்கை அடியோடு மாறிவிட்டது என்று சொல்ல ஆங்கில எழுத்தாளர்கள் 'இர்ரெவக்கப்ளி'யைப் பயன்படுத்துகிறார்கள். அது தவறில்லை, இனி பழைய நாளைக் கூப்பிட முடியாது என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. வணிகக் கடிதத்தைத் தமிழாக்கும்போது மட்டும் 'திரும்பப் பெற இயலாத வகையில்' என்றே எழுதுங்கள்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். 'ரிவோக்' என்பதில் அழுத்தம் 'வோ'வில் விழுகிறது. அந்தப் பழக்கத்தில் 'இர்ரிவோக்கப்ளி' என்று பலர் சொல்கிறார்கள். இதில் அழுத்தம் 'ரெ'யில்.