மூன்றரை வயதில் எழுத வைப்பது சரியா?

எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்குத் தினமும் இரண்டு பக்கம் எழுத்து வீட்டுப்பாடம், இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பேன்.

முதலில் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். மூன்றரை வயதில் மூன்று, நான்குதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். விரல்களின் கட்டுப்பாடும் அப்போது முழுதாக வந்திருக்காது. பென்சிலைக் கைக்குள் பொத்திப் பிடித்து, தோளிலிருந்து முழுக் கையையும் அசைத்து எழுதுகிறாளா? 'அ'வின் சுழி வரும்போது தாள் கிழிகிறதா? அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை, அந்த வயதுக் கை அப்படித்தான். மாவு பிசையவும் பட்டாணி உரிக்கவும் விடுங்கள். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சரி, சீக்கிரம் தொடங்கினால் முந்திவிடுவாளே? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் சகேட் என்பவர், 5 வயதில் வாசிப்புப் பாடம் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 11 வயது வாக்கில் வாசிப்புத் திறனில் வித்தியாசமே இல்லை. ஒரு நாட்டு ஆய்வுதான், எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. ஆனால் பின்லாந்திலும் 7 வயதில்தான் ஒன்றாம் வகுப்பு.

எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணலில், சுவரில், சாக்பீஸால் பெரிதாகக் கிறுக்கட்டும். தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் டீச்சரிடம், இரண்டு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பல டீச்சர்களுக்கே அது நிம்மதிதான். நோட்டு நிறையவில்லையே என்று சண்டைக்குப் போவது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெற்றோர்தான்.