தடையா, லைசென்ஸா? வாசகர் கேள்விகளும் சட்டப் பதில்களும்

கேள்வி: பாலியல் தொழிலை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ‘எப்படியும் நடக்கத்தான் போகிறது; லைசென்ஸ் கொடுத்து, மாதாமாதம் மருத்துவப் பரிசோதனை செய்துவிட்டால் குற்றங்களாவது குறையும்’ என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, நீங்கள் கேட்கும் தடை பெருமளவுக்கு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி, தனியிடத்தில் இத்தொழிலைச் செய்வதை நம் சட்டம் குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. விடுதி நடத்துவதும், தரகு வேலை பார்ப்பதும், பொது இடத்தில் நின்று அழைப்பதும், கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வதும் குற்றம். தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும் நம் ஊர்களில் அந்த 200 மீட்டருக்கு வெளியே ஓர் இடம் கிடைப்பதே அரிது. துணைக்கு ஒருவர் இருக்கட்டும் என்று இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், சட்டத்தின் பார்வையில் அந்த வீடு விபசார விடுதியாகிவிடும். பதினெட்டு வயது கடந்த மகன், தெரிந்தே தாயின் இந்த வருமானத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டினால், 4ஆம் பிரிவின்படி அவன்மீது இரண்டாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குப் போட முடியும்.

பொது இடத்தில் அழைத்த குற்றத்துக்கு, முதல் முறை பிடிபடும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை. அதையே ஓர் ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. இதைவிட என்னை வருத்துவது 17ஆம் பிரிவு. காவல் துறைச் சோதனையில் ‘மீட்கப்பட்ட’ பெண்ணை, அவள்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத நிலையிலும், ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குற்றம் செய்ததாகத் தண்டிக்கப்பட்டவளைவிட, காப்பாற்றப்பட்டவள் நெடுங்காலம் பூட்டிய கதவுக்குள் இருக்க நேரலாம்.

இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் வாழும் பெண், வாடிக்கையாளன் அடித்தாலும், பணம் தராமல் ஏமாற்றினாலும், காவல் நிலையப் படியேறத் துணிவதில்லை. புகார் கொடுக்கப் போன இடத்திலேயே தன்மேல் வழக்குப் பாயும் என்ற அச்சம் அவளுக்கு இருக்கிறது. அவளை அடிப்பவனுக்கும் அது நன்றாகத் தெரியும். தடையை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம்.

உங்கள் கணவர் சொல்லும் லைசென்ஸ் முறையையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமல் காப்பதற்காக வெள்ளையர் அரசு 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டவர்களை அதற்கென இருந்த மருத்துவமனைகளில் அடைத்து வைத்தது. அந்தப் பெண்களிடம் சென்ற ஆண்கள் எவரையும் அது பதிவு செய்யவில்லை. பெண்கள் பதிவேட்டுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின் 1888இல் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. ஜெர்மனி 2017இல் பதிவைக் கட்டாயமாக்கியது. 2023 இறுதியில் அங்கே பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 30,600 பேர்தான், உண்மையில் தொழிலில் இருப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்றே பரவலாகக் கருதப்படுகிறது. உறவினருக்கோ வீட்டுக்காரருக்கோ தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் பெண், அரசு ஏட்டில் தன் பெயர் ஏறுவதை விரும்புவாளா? நம் ஊரில் அந்த லைசென்ஸைப் புதுப்பிக்க யார் யாருக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான் ஏற்கும் வழி, பெண்ணைத் தண்டனைச் சட்டத்திலிருந்து விடுவிப்பது. நியூசிலாந்து நாடாளுமன்றம் 2003இல் 60க்கு 59 என்ற வாக்குகளில் அதைச் செய்தது. நான்கு பெண்கள் வரை லைசென்ஸ் எதுவுமின்றிச் சேர்ந்து தொழில் செய்யலாம். ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நேரத்திலும் மறுக்கலாம். 2014இல் ஒரு பெண், தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்ட விடுதி நடத்துநரின்மீது வழக்குத் தொடுத்து 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். நம் நாட்டில் அந்தப் பெண் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? நியூசிலாந்துச் சட்டத்திலும் குறை உண்டு: தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அது பாதுகாப்புத் தராததால், அவர்கள் இன்றும் மறைந்தே தொழில் செய்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றியும் கடத்தப்பட்டவர்களைப் பற்றியும் இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் சம்மதம் என்பதே கிடையாது. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் கடுங்குற்றம். காவல் துறையின் ஆட்பலம் முழுவதும் அங்கேதான் திரும்ப வேண்டும்.

கேள்வி: ஸ்வீடனைப் போல, வாங்குபவனை மட்டும் தண்டித்தால் என்ன?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஸ்வீடன் 1999இலும், பிரான்ஸ் 2016இலும் இந்த வழிக்கு வந்தன. பெண்ணைக் குற்றவாளியாக்காத அளவில் இது நம் சட்டத்தைவிட மேலானது. ஆனால் பிடிபடுவோமோ என்று பதறும் ஆண் ஒதுக்குப்புறமான இடத்தையே கேட்பான். யார், எப்படிப்பட்டவன் என்று நிதானித்துப் பார்க்கும் நேரம் பெண்ணுக்குக் கிடைக்காது. இதைச் சொல்லித்தான் 261 பேர் பிரான்ஸ் அரசுக்கு எதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்றம் 2024 ஜூலையில் சட்டத்தில் உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் சொன்ன ஆபத்து அந்தத் தீர்ப்பால் இல்லாமல் போய்விடவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: பாலியல் தொழிலாளர்களைக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டதாகப் படித்தேன். பிறகும் ஏன் கைதுகள் நடக்கின்றன?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பல செய்திகள் அவசரத்தில் அப்படி எழுதிவிட்டன. கொல்கத்தாவில் ஒரு பெண் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்த புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில், நீதிமன்றம் அமைத்த குழு பத்துப் பரிந்துரைகளைத் தந்தது. சோதனையின்போது பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதற்கும் வேறு சிலவற்றுக்கும் மத்திய அரசு தயக்கம் தெரிவித்ததால், அரசுக்கு மறுப்பில்லாதவற்றை மட்டும் நிறைவேற்றுமாறு 2022 மே 19 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணையான பகுதியும் பயனுள்ளதே. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது. விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் இருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவருக்கு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்க அதிகாரி தரும் சான்றை ஏற்று ஆதார் வழங்க வேண்டும். தொழிலைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு எதுவும் அதில் இருக்கக் கூடாது. தங்களுக்குத் தெரிந்த எவருக்கேனும் இவை மறுக்கப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகச் சொல்லுங்கள். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.