தனியாக ஆடும் வீடியோ கேம்களுக்கு இன்று மதிப்பு உண்டா?

எல்லோரும் கைப்பேசியில் கூட்டாக, அதுவும் இலவசமாக விளையாடும் காலத்தில், ஒருவர் மட்டுமே ஆடும் கேமைக் காசு கொடுத்து வாங்குவது வீண் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. அது நமக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒரு குணத்துக்காகவே நான் பணம் கொடுப்பேன்.

2021 கோடையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டோம். பகலில் அம்மா பார்த்துக்கொள்வார், இரவு என் முறை. வேலூர் வெயிலைக் குடித்த சுவர் நள்ளிரவுக்குப் பிறகும் அனலடிக்கும். தூங்கிவிடாமல் இருக்க மடிக்கணினியில் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாய கேமை ஆடினேன். ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றக் காது அப்பாவுக்கு. அவர் இருமினால் மெனுவைத் திறப்பேன். கேமுக்குள் சூரியன் அப்படியே நிற்கும். தண்ணீர் கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, அரை மணி கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் விட்டபடி இருக்கும்.

அதே கேமை நண்பர்களோடு சேர்ந்து ஆடினால், நீங்கள் மெனுவைத் திறந்தாலும் பொழுது ஓடிக்கொண்டே இருக்கும். குடியாத்தத்தில் என் அக்கா மகன் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறான். சோறு ஆறுகிறது என்று அக்கா கத்துவார். “இதோ முடித்துவிடுகிறேன் மாமா” என்று என்னைத் துணைக்கு அழைப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கோ மூன்று பேர் அவனை நம்பி நிற்கிறார்கள், எழுந்தால் அவர்கள் தோற்பார்கள். அந்த வகை விளையாட்டின் வியாபாரமே அவனை எழவிடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. நுழைவு இலவசம்; உடை, துப்பாக்கி வண்ணம், பருவத்துக்கொரு பாஸ் என்று பிறகு வசூலாகிறது. மாதாமாதம் வருமானம் தரும் இந்த வழியை நிறுவனங்கள் விரும்புவது இயல்பு. ஆனால் கூட்டம் சேராவிட்டால் கடையைச் சாத்திவிடுகிறார்கள். சோனி காசுக்கு விற்ற கூட்டு ஆட்டமான ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, விளையாட்டு போய்விட்டது.

சந்தை தனி ஆட்டத்தைக் கைவிட்டதாகவும் சொல்ல முடியாது. அதே 2024 ஆகஸ்டில் சீனாவிலிருந்து வந்த ‘பிளாக் மித்: வூகாங்’ முழுக்க முழுக்கத் தனியாக ஆடுவது. மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. ‘ஸ்டார்டியூ வேலி’யை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உட்கார்ந்து உருவாக்கி, 2016இல் வெளியிட்டார். படம், இசை, நிரல் எல்லாம் அவரே. ஒரு குடும்பம் ஆம்பூர் பிரியாணி சாப்பிடும் செலவைவிடக் குறைவாகத்தான் அதை வாங்கினேன். பெரிய நிறுவனங்களின் புதுக் கேம்கள் பல ஆயிரம் ரூபாய் என்பது உண்மையான சுமை. அவற்றை ஓரிரு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்குவதே என் வழக்கம். தனி ஆட்டம் பழசாவதில்லை என்பதால் அதில் நட்டமும் இல்லை.

தமிழருக்கு இன்னொரு காரணமும் சொல்வேன். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற கேம் 1988இல், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் வீட்டில் தொடங்குகிறது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து அழிந்திருக்கும்; விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அக்கா மகனிடம் கொடுத்தேன். இட்லித் தட்டைப் பார்த்ததும் அக்கா அடுக்களையிலிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரே மாலையில் முடித்தார்கள். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வாங்கிய படைப்பு அது. ஒரு குடும்பத்தின் கதையை ஆற அமரச் சொல்லி முடிக்கும் இப்படியொன்று, முடிவே இல்லாத போட்டிக் களத்தில் எங்கே இடம் பெறும்?

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: இணையம் இல்லாமல் ஓடுமா? யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கார்ப் பந்தயத்தில் கதையைத் தனியாகவே ஆட முடியும். ஆனாலும் அது நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்தவர்களும் அதன்பின் அதைத் திறக்க முடியவில்லை. தனி ஆட்டம் என்று அட்டையில் போட்டிருப்பது மட்டும் போதாது.

அப்பா விரிஞ்சிபுரத்துக்காரர். பாலாறு வற்றி, கிணறு வற்றி, நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர். ஒரு இரவு திரையைக் கையால் காட்டி, இந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழறலாகக் கேட்டார். குளத்துக்கு நடந்து போய்ப் பூவாளியை நிரப்பிக் காட்டினேன். அதன் பிறகு தினமும் என்ன விதைத்திருக்கிறேன் என்று விசாரிப்பார். 2022இல் அவர் போய்விட்டார். சேமித்து வைத்த அந்தத் தோட்டத்தைச் சென்ற வாரம் திறந்தேன். அவர் நடச் சொன்ன பூசணி காய்த்து, பறிக்கத் தயாராக நின்றது.