பிணைப்பைக் கெடுக்கும் எலக்ட்ரான்

அன்புள்ள ஐயா,

என் மகன் இங்கே பெங்களூரில் பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறான். அவன் வேதியியல் பாடத்தில் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் என்று ஒன்று வருகிறது. அதில் எலக்ட்ரான் போனால் பிணைப்பு பலவீனமாகுமாம். பிறகு மூலக்கூறு ஏன் உடைவதில்லை? கணக்கு சரியாக வர இட்டுக்கட்டியது போலத் தோன்றுகிறது. நான் பி.காம். படித்தவள், எளிமையாகச் சொல்லுங்கள்.

வாசகி, அல்சூர்

அன்புள்ள வாசகிக்கு,

இந்தச் சந்தேகம் வராமல் பரீட்சை எழுதுகிறவர்கள்தான் அதிகம். பாடப்புத்தகங்கள் சூத்திரத்தை முதலில் கொடுத்துவிடுகின்றன.

எலக்ட்ரான் அணுவுக்குள் அலையாக இருக்கிறது. அந்த அலையின் வடிவத்தைத்தான் ஆர்பிட்டால் என்கிறோம். உங்கள் அல்சூர் ஏரியில் இரண்டு படகுகள் கிளப்பும் அலைகள் சந்தித்தால் ஓரிடத்தில் எழும்பும், ஓரிடத்தில் அடங்கும் அல்லவா? அணுக்கள் நெருங்கும்போது ஆர்பிட்டால்களும் இரண்டு விதமாகச் சேரும். கூடிச் சேர்ந்தால் எலக்ட்ரான் இரு அணுக்கருக்களுக்கும் நடுவில் நின்று இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். கழிந்து சேர்ந்தால் நடுவிடம் காலியாகிவிடும், அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். முதலாவது பிணைப்பு ஆர்பிட்டால், இரண்டாவதுதான் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால். இரண்டு ஆர்பிட்டால் போட்டால் இரண்டு வந்தே தீரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

உடைவதும் உடையாததும் வரவு செலவைப் பொறுத்தது, அது உங்கள் துறைதான். பிணைப்பு ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரான் வரவு, எதிர்பிணைப்பில் இருப்பது செலவு. ஹைட்ரஜனில் இரண்டு எலக்ட்ரானும் வரவில். இரண்டு ஹீலியம் அணுக்கள் சேரப் பார்த்தால் இரண்டு வரவு, இரண்டு செலவு. செலவுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும், அதனால் ஹீலியம் தனியாகவே திரிகிறது. ஆக்ஸிஜனின் வெளிக்கூட்டில் எட்டு வரவு, நான்கு செலவு. மீதி நான்கு, அதாவது இரண்டு ஜோடி. அதுதான் இரட்டைப் பிணைப்பு.

இட்டுக்கட்டியதா என்பதற்கு வருகிறேன். ஆக்ஸிஜனின் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் ஆளுக்கொன்றாக, ஜோடி சேராமல் நிற்கின்றன. ஜோடி சேராத எலக்ட்ரான் காந்தத்துக்கு மசியும். மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே திரவமாக்கிய ஆக்ஸிஜனைக் காந்தத் துருவங்களுக்கு நடுவே ஊற்றினால் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். திரவ நைட்ரஜன் ஒழுகிப் போய்விடும். எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்துப் போடும் பழைய படத்தில் எல்லாமே ஜோடிதான், அதைக் கொண்டு இதை விளக்கவே முடியாது. 1929-இல் ஆங்கிலேய விஞ்ஞானி லெனார்ட்-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால்களை வைத்து விளக்கினார்.

எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி வேறு. ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினால் பிணைப்பு இறுகுகிறது, நீளம் 121 பிக்கோமீட்டரிலிருந்து (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்) 112 ஆகக் குறைகிறது. நைட்ரஜனில் பிடுங்கினால் 110-இலிருந்து 112 ஆக நீள்கிறது. முன்னதில் போனது செலவு, பின்னதில் போனது வரவு.

அப்புறம், இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு மொத்தம் மூன்றே எலக்ட்ரான் இருந்தால் ஒட்டுமா என்று மகனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.