மூன்று கருவியிலும் காலி: பாஸ்வேர்டு மீட்பு கேள்வி-பதில்

கேள்வி: பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவைக்கும் பிட்வார்டன் செயலியில் வேண்டாத பதிவுகளைக் களைந்துகொண்டிருந்தபோது கை தவறி மின்வாரியம், வங்கி, காப்பீடு மூன்றும் போய்விட்டன. மீட்க முடியுமா? (ஆசிரியர், தேவகோட்டை)

பதில்: என்றைக்கு அழித்தீர்கள் என்று எழுதவில்லையே, ஐயா. இங்கே எல்லாமே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. அழித்த பதிவு 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். உள்ளே போய் மீட்டெடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆப்பிளின் பாஸ்வேர்டு செயலியிலும் கணக்கு அதே 30 நாள்தான். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து பதில் வெளியாவதற்குள் இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும். இதைப் படித்து முடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

கேள்வி: கடை மொபைலில் என் மகன் விளையாட்டாக எல்லாப் பதிவுகளையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டான். லேப்டாப்பைத் திறந்தால் அதிலும் ஒன்றுமில்லை. மொபைல், லேப்டாப், வீட்டு டேப்லெட் என்று மூன்றிலும் சிங்க் போட்டு வைத்திருந்தேனே, அது பேக்கப் இல்லையா? (மருந்துக்கடைக்காரர், காரைக்குடி)

பதில்: இல்லை. இதை ஆத்தங்குடிக் கல்லில் எழுத்தாக வார்த்து ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் பதித்தாலும் அடுத்த மாதம் இதே கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வாரம் இரண்டு பேராவது இதைக் கேட்டுக்கொண்டு என் கடைப்படி ஏறுகிறார்கள்.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஐந்தொகைக் கணக்கு எழுதி அனுப்பினார்கள். அங்கே பேரேட்டில் மறுநாள் மை கொட்டினாலும், ஊருக்கு வந்துசேர்ந்த தாளில் அன்றைய கணக்கு அப்படியே நிற்கும். அதற்குப் பெயர்தான் பேக்கப். சிங்க் என்பது ஒரே பேரேட்டை மூன்று சன்னல் வழியாகப் பார்ப்பது. மை கொட்டினால் மூன்று சன்னலிலும் கறைதான் தெரியும். உங்கள் மகன் மொபைலில் அழித்ததை லேப்டாப்பில் அழித்தது சிங்க்தான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

ஆனால் டேப்லெட்டைத் திறந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அது அணைந்தே கிடக்கிறது என்றால் உங்களுக்கு இன்னும் யோகம் இருக்கிறது. இயக்கிவிடாதீர்கள்! முதலில் வீட்டு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். டேப்லெட்டில் சிம் இருந்தால் கழற்றுங்கள். அதன் பிறகு இயக்கி, விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, கடைசியாகத்தான் செயலியைத் தொட வேண்டும். கடைசியாக சிங்க் ஆன நிலையைச் செயலி அந்தக் கருவியிலேயே பூட்டிய நகலாக வைத்திருக்கும். செயலியைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கொடுத்தால் இணையம் இல்லாமலே அது திறக்கும். எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் வேலை செய்தால் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நோட்டும் பேனாவும் போதும். எல்லாவற்றையும் எழுதிச் சரிபார்த்த பிறகே ரவுட்டருக்கு உயிர் கொடுக்கலாம்.

சென்ற மாசியில் ஓர் ஆச்சி இப்படித்தான் பழைய டேப்லெட் ஒன்றைக் கண்டாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பேட்டரி செத்திருந்தது. இருபது நிமிடம் சார்ஜில் போட்டோம். அவர் கடைக்கு வந்ததும் ஒருவிதத்தில் நல்லதாயிற்று, என் கடை வைஃபை அந்த டேப்லெட்டுக்குத் தெரியாதே. திரை எரிந்தது, விரலை வைத்தார், அறுபது சொச்சம் பதிவுகள் வரிசையாக நின்றன. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பாதியில் சிங்கப்பூரிலிருந்து மகன் அழைத்தார்: “ஒருமுறை லாகவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள் ஆத்தா, எல்லாம் சரியாகிவிடும்.” ஆச்சியின் கை அந்தப் பொத்தான் பக்கம் போனதைப் பார்த்து, அந்த வயதுப் பெண்மணியிடம் நான் குரல் உயர்த்த வேண்டியதாயிற்று.

எனக்கு ஆகாதது இந்த லாகவுட் வைத்தியம்தான். லாகவுட் செய்தால் கருவியில் இருக்கும் நகல் அழிந்துவிடும். பூட்டுவது வேறு, வெளியேறுவது வேறு. நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனால் வெளியேறி உள்ளே போகலாம். கடைசி நகலைத் தாங்கி நிற்கும் கருவியில் அதைச் செய்வது, தாய்ப்பத்திரத்தை அடுப்பில் போட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நடப்பது போல. மேகத்தில், அதாவது கம்பெனியின் சர்வரில், இருப்பது காலி என்று தெரிந்த பிறகும் உள்ளே போய் எதைக் கொண்டுவரப்போகிறீர்கள்? எது கெட்டாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நகல், பிறகு கை.

கேள்வி: மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினால் தருவார்களா? மொபைலில் விரல்ரேகை வைத்தால் இன்னும் திறக்கிறது. (அரிசி ஆலை, புதுவயல்)

பதில்: தரமாட்டார்கள், தரவும் முடியாது. அவர்களிடமே அது கிடையாது. தருகிறோம் என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கணக்கு தொடங்கும்போது பாஸ்வேர்டை நினைவூட்டும் குறிப்பு ஏதும் கொடுத்திருந்தால் அதை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விரல்ரேகை திறந்துவைத்திருக்கும் கதவு ஒன்றுதான் மிச்சம். எக்ஸ்போர்ட் பெரும்பாலும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டு மறித்துவிடும். ஆகையால் இன்று இரவே உட்கார்ந்து கையால் எழுதுங்கள். விரல்ரேகை அமைப்பை மாற்றாதீர்கள், செயலியை நீக்காதீர்கள். லாகவுட் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும்தான். எழுதி முடித்த பிறகு புதுக் கணக்கு தொடங்கலாம்.

கேள்வி: கணினியை ஃபார்மேட் செய்யும் முன் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் லாகின்ஸ்.ஜேசான் கோப்பை எடுத்துவைத்தேன். திரும்பப் போட்டால் ஒன்றும் வரவில்லை. (கோட்டையூர்)

பதில்: பூட்டை எடுத்துவைத்தீர்கள், சாவியை விட்டுவிட்டீர்கள். அதே கோப்புறையில் கீ4.டிபி என்று ஒன்று இருந்தது, அதுவும் சேர்ந்தால்தான் திறக்கும். பழைய வட்டின் முழு நகல் எங்காவது கிடந்தால் தேடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தளத்திலும் புதிதாகப் பாஸ்வேர்டு மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: குரோமிலிருந்து எடுத்த சி.எஸ்.வி. பட்டியல் கோப்பை பிட்வார்டனில் ஏற்றினேன். வந்ததா என்று தெரியாததால் மீண்டும் ஏற்றினேன். இப்போது 300 பதிவுகள் 900 ஆகிவிட்டன. (பொன்னமராவதி)

பதில்: மீண்டும் ஒருமுறை என்றால் 600தானே வரும்? மூன்று முறை அழுத்தியிருக்கிறீர்கள், அதையாவது மறைக்காமல் எழுதியிருக்கலாம். இம்போர்ட் செய்யும்போது ஏற்கெனவே இருப்பதோடு பிட்வார்டன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கொட்டியதெல்லாம் சேரும். கணக்கு புதியது, வேறு எதையும் கையால் சேர்க்கவில்லை என்றால் பெட்டகம் முழுவதையும் காலி செய்யும் வசதி இணையதள அமைப்புகளில் உண்டு. செய்துவிட்டு ஒரே ஒரு முறை ஏற்றுங்கள். அதற்கு முன் ஒரு எக்ஸ்போர்ட் எடுங்கள். முதலில் நகல், பிறகு கை. காலி செய்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது.

அந்த சி.எஸ்.வி. கோப்பு இன்னும் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கிறது, இல்லையா? நோட்பேடில் திறந்தால் உங்கள் வங்கிப் பாஸ்வேர்டை எட்டாம் வகுப்புப் பையன்கூடப் படிப்பான். வேலை முடிந்ததும் அழியுங்கள். உங்களுக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்துக்கொள்வதும் வேண்டாம்.

கேள்வி: பிட்வார்டனில் மறையாக்கிய எக்ஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதுக் கணக்கில் ஏற்றினால் மறுக்கிறது. (கீழச்சிவல்பட்டி)

பதில்: கணக்கோடு கட்டிய வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பழைய கணக்கோடு அதன் சாவியும் போயிற்று. இனி எடுக்கும்போது தனிப் பாஸ்வேர்டு போடும் வகையைத் தேர்ந்தெடுங்கள், எந்தக் கணக்கிலும் திறக்கும்.

கேள்வி: கீபாஸ் என்ற செயலியின் பாஸ்வேர்டுக் கோப்பை கூகுள் டிரைவில் வைத்து மொபைலிலும் லேப்டாப்பிலும் பயன்படுத்துகிறேன். இப்போது கோப்பு இரண்டாகிவிட்டது. ஒன்றில் தேர்வுக் கட்டணத் தளம் இருக்கிறது, மற்றொன்றில் வங்கி இருக்கிறது. எதை அழிப்பது? (கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

பதில்: எதையும் அழிக்காதே, அம்மா. அழிக்கும் முன் கேட்டாயே, இந்த மாதம் வந்த கடிதங்களில் உருப்படியானது இதுதான். ஒரு கருவியில் செய்த மாற்றம் மேலே போய்ச் சேருமுன் மற்றதிலும் மாற்றினால் இப்படி இரண்டாகும். இரண்டையும் பென் டிரைவில் போட்டுக்கொள். லேப்டாப்பில் கீபாஸ்எக்ஸ்சி செயலியில் ஒன்றைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் இருக்கும் மெர்ஜ் மூலம் மற்றதை அதனோடு இணை. ஒரே பதிவு இரண்டிலும் இருந்தால் கடைசியாக மாற்றியது மேலே நிற்கும், பழையது அந்தப் பதிவின் வரலாற்றுக்குள் போகும். நேரத்தை வைத்தே இது நடப்பதால் மொபைல் கடிகாரமும் லேப்டாப் கடிகாரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார். பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கும் சாவிக் கோப்பான கீ ஃபைல் வைத்திருந்தால் அதையும் வேறொரு இடத்தில் நகலெடு. அது தொலைந்தால் மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும் தெரிந்து பயனில்லை.

கேள்வி: அப்பச்சி காலமாகி ஒரு மாதம் ஆகிறது. வீட்டுவரி, மின்கட்டணம், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஒன்பாஸ்வேர்டு செயலியில் வைத்திருந்தார்கள். எங்களில் யாருக்கும் அதன் பாஸ்வேர்டு தெரியாது. (கானாடுகாத்தான்)

பதில்: வருந்துகிறேன். அவசரப்பட்டு எதையும் அழுத்த வேண்டாம். முதல் வேலை, அவர்கள் மொபைல் எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். அடுத்து காகிதம் தேடுங்கள். ஒன்பாஸ்வேர்டு கணக்கு தொடங்கும்போது ‘எமர்ஜென்சி கிட்’ என்று ஒரு பக்கம் தரும். மின்னஞ்சல் முகவரியும் எழுத்தும் எண்ணுமாக 34 குறிகள் கொண்ட ரகசியச் சாவியும் அதில் அச்சாகியிருக்கும், பாஸ்வேர்டைக் கையால் எழுத ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்தத் தலைமுறை ஆட்கள் அச்செடுத்து வைப்பவர்கள். பத்திரக் கட்டு, டைரி, பெட்டகத்தின் உள்ளறை, வங்கி லாக்கர் எல்லாம் பாருங்கள். குடும்பக் கணக்காக இருந்து, உங்களில் ஒருவர் அதன் நிர்வாகியாக இருந்தால், மின்னஞ்சல் வழியாக மீட்கவும் வழி உண்டு.

வங்கியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பாஸ்வேர்டு கிடைத்தாலும் அவர்கள் பெயரில் உள்ளே போகக்கூடாது. இறப்புச் சான்றிதழோடு நாமினி நேரில் போவதுதான் முறை.

கேள்வி: பேக்கப் எடுத்த பென் டிரைவை எங்கே வைப்பது? (திருப்பத்தூர்)

பதில்: இரண்டில் போட்டு ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டு எழுதிய தாளை அதே உறையில் போடாதீர்கள். வருடத்துக்கு ஒருநாள், பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடும்போதாவது, செருகித் திறந்து பாருங்கள். திறக்காமலே வைத்த பென் டிரைவ் ஐந்தாறு வருடத்தில் கைவிரித்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டரில் இருந்த பாஸ்வேர்டுகளைக் காணோம்! (காரைக்குடி)

பதில்: 2025 ஆகஸ்டிலிருந்து அந்தச் செயலியில் பாஸ்வேர்டு வசதியை நிறுத்திவிட்டார்கள். அதே கணக்கில் எட்ஜ் பிரவுசரைத் திறந்து அமைப்புகளில் பாருங்கள், அங்கே இருக்கும். இருந்தால் உடனே எக்ஸ்போர்ட். ஆறு இலக்கக் குறியீடுகள் இன்னும் ஆதென்டிகேட்டரில்தான் வருகின்றன, கோபத்தில் அதை நீக்கிவிடாதீர்கள்.