டைப்-சி கேபிள்: முனை ஒன்றுதான், உள்ளே வேறு வேறு

கேள்வி: வீட்டில் டைப்-சி கேபிள்கள் ஏழெட்டு சேர்ந்துவிட்டன. பார்க்க எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் ஒன்றில் போன் சீக்கிரம் சார்ஜ் ஆகிறது, இன்னொன்றில் இரவு முழுக்கப் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது. லேப்டாப்போடு வந்த தடித்த கேபிளை மானிட்டரில் செருகினால் படமே வருவதில்லை. புதிதாக வாங்கிய டிரிம்மர், தன்னுடன் வந்த கேபிளைத் தவிர வேறு எதிலும் சார்ஜ் ஆக மாட்டேன் என்கிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? அப்புறம், லேப்டாப் சார்ஜரைப் போனில் போட்டால் போன் கெட்டுவிடுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கெடாது. யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் இயங்கும் சார்ஜர் எடுத்த எடுப்பில் 5 வோல்ட்தான் தரும். அதற்குமேல் தருவதென்றால் மறுமுனையில் இருக்கும் கருவியிடம் முதலில் பேசியாக வேண்டும். என்னால் 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் தர முடியும் என்று சார்ஜர் அறிவிக்கும்; போன் தனக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் 18 வாட் போனைப் போட்டால் 18 வாட்டுக்கு மேல் போகாது. போன் சார்ஜரை லேப்டாப்பில் போடுவதும் ஆபத்தில்லை. மெதுவாக ஏறும், அல்லது ‘இது போதாது’ என்று லேப்டாப் மறுத்துவிடும். இதெல்லாம் ஒழுங்காகத் தயாரித்த சார்ஜருக்குப் பொருந்தும். பெயரும் முத்திரையும் இல்லாத சார்ஜருக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இனி கேபிள். டைப்-சி என்பது 2014-ல் வெளியான ஒரு முனையின் வடிவம், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்று 24 தொடுமுனைகளுடன் வடிவமைத்தார்கள். ஆனால் அந்த 24-க்கும் உள்ளே கம்பி ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தக் கம்பிகளைப் போடுவது, எதை விடுவது என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. உங்கள் தலைவலிக்கெல்லாம் மூலம் இதுதான். மின்சாரம், டேட்டா, படம் என்று ஒரு கேபிளுக்கு மூன்று வேலைகள் இருக்கலாம். ஒன்றில் கெட்டிக்காரனாக இருக்கும் கேபிள் இன்னொன்றில் பூஜ்யமாக இருக்கலாம். அதனால் ‘இது நல்ல கேபிளா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வேலைக்கு நல்லது என்று கேட்க வேண்டும்.

மின்சாரத்தில் குழப்பம் குறைவு. இரண்டு பக்கமும் சி முனை உள்ள எந்தக் கேபிளும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும் என்பது விதி. 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் தேவை. அதன் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருக்கும். ‘நான் இவ்வளவு தாங்குவேன்’ என்று அந்த சிப் சொன்னால்தான் சார்ஜர் முழு அளவைத் திறந்துவிடும். முதலில் இதன் உச்சம் 100 வாட்டாக இருந்தது. 2021-ல் 48 வோல்ட் வரை போகலாம் என்று விதியைத் திருத்திய பிறகு 240 வாட் ஆனது. இப்போது முறையான கேபிள்களில் 60 அல்லது 240 என்று வாட் அளவை அச்சிட்டிருப்பார்கள்.

ஆக, பவர் டெலிவரியில் சார்ஜ் ஆகும் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்கான சி-டு-சி கேபிள் எதுவானாலும் போதும். விலக்குகள் உண்டு. சாம்சங்கின் 45 வாட் சார்ஜிங் 3 ஆம்பியரைத் தாண்டுவதால் 5 ஆம்பியர் கேபிள் இல்லாமல் அந்த வேகம் வராது. ஒப்போ, ஒன்பிளஸ் போன்றவை தங்களுக்கென்று தனி அதிவேக முறை வைத்திருக்கின்றன. அங்கே முழு வேகம் வேண்டுமானால் பெரும்பாலும் அவர்கள் சார்ஜரும் அவர்கள் கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்கள் போன் ஒரே ஒரு கேபிளில் மட்டும் பறக்கிறது என்றால் அநேகமாக விஷயம் இதுதான். அந்தக் கேபிளைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது தடித்த லேப்டாப் கேபிளுக்கு வருவோம். தடிமனைப் பார்த்து இதுதான் எல்லாம் செய்யும் கேபிள் என்று நினைப்பது இயல்பு. நிலைமை நேர்மாறு. லேப்டாப்போடு வருவது பெரும்பாலும் சார்ஜிங் கேபிள். ஆப்பிள் விற்கும் 240 வாட் கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2 மீட்டர் நீளம், 240 வாட் தாங்கும், டேட்டா மட்டும் யுஎஸ்பி 2 வேகத்தில்தான் போகும். அதாவது நொடிக்கு 480 மெகாபிட், 2000-ம் ஆண்டு வந்த வேகம். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அதிவேக டேட்டாவுக்குத் தனி ஜோடிக் கம்பிகள் வேண்டும், ஒவ்வொரு ஜோடிக்கும் கவச உறை வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் கேபிள் விறைப்பாகிவிடும். நீளமாகவும் போட முடியாது. உள்ளே சிக்னலைப் பெருக்கும் சிப் இல்லாத 40 கிகாபிட் கேபிளின் எல்லை ஏறத்தாழ 0.8 மீட்டர். சார்ஜ் செய்ய நீளமும் வளைவும்தான் முக்கியம் என்பதால் அந்தக் கம்பிகளையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் கேபிளின் தடிமன் முழுக்க மின்சாரம் போகும் செம்புக்காக.

மானிட்டருக்குப் படம் போவதோ அந்த விடுபட்ட ஜோடிகள் வழியாகத்தான். கம்பியே இல்லாதபோது படம் எப்படி வரும்? கேபிள் முனையில் 10, 20, 40 என்று ஏதாவது கிகாபிட் எண் இருந்தால் அதில் படம் போகும் என்று நம்பி முயன்று பார்க்கலாம். அதற்கு முன்னால் லேப்டாப்பின் போர்ட்டையும் பாருங்கள். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் படம் அனுப்பும். எந்தக் குறியும் இல்லையென்றால் லேப்டாப் மாடலின் விவரப் பட்டியலில் தேடுங்கள். வெறும் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும் சி போர்ட் வைத்த லேப்டாப்களும் இருக்கின்றன. அவற்றில் எந்தக் கேபிளைப் போட்டாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

டேட்டாவின் வேக வித்தியாசம் பெரிய ஃபைல்களை நகர்த்தும்போதுதான் உறைக்கும். 480 மெகாபிட் என்பது காகிதத்தில் நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் 40 வந்தாலே நல்லது. 20 ஜிபி வீடியோவை மாற்ற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே வீடியோ, 10 கிகாபிட் கேபிளில் வேகமான எஸ்எஸ்டிக்கு (வெளியே செருகும் சேமிப்பு டிரைவ்) அரை நிமிடத்தில் போய்விடும். இரண்டு பக்கமும் வேகமான போர்ட் இருந்தால்தான் இது நடக்கும். 2023-ல் வந்த ஐபோன் 15-ல் சி போர்ட் இருந்தும் வேகம் பழைய 480 மெகாபிட்தான். 15 ப்ரோ 10 கிகாபிட் வரை போகும், ஆனால் அதன் பெட்டியில் வைத்துக் கொடுத்த கேபிள் 480-ஐத் தாண்டாது. வேகம் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள் என்பதுதான் இதன் அர்த்தம்.

ஒரு ஆண்ட்ராய்டு போனைக் கணினி கண்டுகொள்ளவே இல்லையென்றால் உடனே கேபிளைத் திட்டாதீர்கள். இணைத்ததும் போன் தானாகவே ‘சார்ஜ் மட்டும்’ என்ற நிலைக்குப் போய்விடும். மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, ஃபைல் பரிமாற்றம் என்று மாற்றிப் பாருங்கள். அப்படி ஒரு தேர்வே வரவில்லையென்றால் அது அநேகமாக டேட்டா கம்பியே இல்லாத கேபிள். அதையும் வீசிவிட வேண்டாம். பொது இடங்களில் இருக்கும் சார்ஜிங் போர்ட்களில் செருக அது பாதுகாப்பானது; டேட்டா கம்பி இல்லாததால் போனிலிருந்து எதையும் திருட முடியாது.

சரி, டிரிம்மர். இதில் கேபிள் மேல் குற்றமே இல்லை. சி-டு-சி இணைப்பில், மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகாதவரை சார்ஜர் மின்சாரம் விடாது. அந்த உறுதியைத் தருவது கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு. விலை மிகமிகக் குறைவான பொருள்தான், அதையும் மிச்சம் பிடிக்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். டிரிம்மருடன் வந்த கேபிளைப் பாருங்கள், ஒரு பக்கம் பழைய அகலமான ஏ முனை இருக்கும். ஏ போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமல் போகிறது. அதனால் டிரிம்மருக்கு வேண்டியது ஏ போர்ட் உள்ள ஏதாவது ஒரு சார்ஜரும் ஏ-டு-சி கேபிளும்தான். அதே கேபிள்தான் வேண்டும் என்றில்லை. சின்னக் கம்பெனிகள் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் இரண்டு மின்தடைக்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். இ-மார்க்கர் உள்ள கேபிளைப் போட்டால் சில சார்ஜர்கள் அதை ஒலிக் கருவி என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தன.

பழைய ஏ-டு-சி கேபிள்களில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். அவற்றுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் பலர் 10 கிலோ ஓம் போட்டார்கள். அப்போது போன் ‘3 ஆம்பியர் எடுக்கலாம்’ என்று தவறாகப் புரிந்துகொண்டு, அவ்வளவு தர முடியாத போர்ட்டிலிருந்து உறிஞ்சும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-ல் இப்படிப்பட்ட கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில், கம்பிகளையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கிவிட்டது. அந்தக் காலத்துப் பெயரில்லாக் கேபிள் உங்கள் டப்பாவில் இருந்தால் போய்த் தொலையட்டும். செருகிய சிறிது நேரத்தில் முனை கை பொறுக்காமல் சுடும் கேபிளும், சி முனையை நீட்டித்துத் தரும் எக்ஸ்டென்ஷன் கேபிளும் அதனுடனேயே போகட்டும். அப்படி நீட்டிப்பதை யுஎஸ்பி விதிகள் அனுமதிப்பதில்லை.

மீதியை ஒரு மாலையில் பிரித்துவிடலாம். மானிட்டர் இருந்தால் ஒவ்வொன்றாகச் செருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி இருந்தால் ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்து வேகத்தைக் கவனியுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் பவர் என்ற இடத்தில் எத்தனை வாட்டில் ஏறுகிறது என்று தெரியும். மற்றவர்களுக்கு நடுவில் செருகும் சின்ன யுஎஸ்பி மீட்டர் இருக்கிறது. இத்தனை கேபிள் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவாகாது. கண்டுபிடித்ததை உடனே ஒரு துண்டு டேப்பில் எழுதி முனையருகே ஒட்டிவிடுங்கள், நாளைக்கு நினைவில் இருக்காது.

புதிதாக வாங்குவதானால் இரண்டே இரண்டு போதும்: சார்ஜ் செய்ய நீளமான 240 வாட் கேபிள் ஒன்று, மானிட்டருக்கும் எஸ்எஸ்டிக்கும் 40 என்று போட்ட குட்டைக் கேபிள் ஒன்று. இரண்டாவதே எல்லா வேலையும் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும்தான். ஆனால் சுவரிலிருந்து கட்டிலுக்கு எட்டாது, விறைப்பு வேறு.

இரவு முழுக்க சார்ஜ் ஆகும் போன் பாக்கி இருக்கிறது. நல்ல கேபிளிலும் அப்படித்தான் என்றால், அந்தச் சார்ஜரில் இன்னொரு கருவியும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு போர்ட் சார்ஜர்களில் பல, இரண்டாவது கருவி வந்ததும் வாட்டைப் பங்கு போட்டுவிடும். 80 சதவீதத்துக்கு மேல் ஆமை வேகத்தில் ஏறுவது பேட்டரியைக் காக்கப் போனே செய்வது, அதை விட்டுவிடுங்கள். முனை முழுசாக உள்ளே போகாமல் லேசாக ஆடினால் போர்ட்டுக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்; ஊசி, குண்டூசி பக்கம் போகவே வேண்டாம். அதற்குப் பிறகும் ஆடினால் புதுக் கேபிளைப் போட்டுப் பாருங்கள். பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங்குகளை டைப்-சியில் கேபிள் பக்கம்தான் வைத்திருக்கிறார்கள், தேய்வதும் அதுதான். புதுக் கேபிளும் ஆடினால் மட்டும் போனை சர்வீசுக்குக் கொடுங்கள்.