திருப்பினால் 'டக் டக்', நேரே போனால் 'ஊ': முன் அச்சில் என்ன கோளாறு?

கேள்வி: என் வண்டி வழக்கமாகப் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் டூ வீலில் ஓடும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் போடலாம், அதற்கு முன்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கும் நடுப்பகுதியான ஹப்பைக் கையால் லாக் செய்ய வேண்டும். மண் தரையில் ஃபோர் வீலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 'டக் டக்' என்கிறது. தார் சாலையில், டூ வீலிலும் 60 கி.மீ. வேகத்தில் 'ஊ' என்று இரைகிறது. முன் டிஃபரன்ஷியலை, அதாவது முன் அச்சில் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியை, கழற்றி இறக்கச் சொல்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு சத்தத்துக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் இரைச்சல். இரண்டு ஹப்பையும் அன்லாக் செய்துவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் டூ வீலில் ஓட்டிப் பாருங்கள். அப்போது முன் டிஃபரன்ஷியலும் அதன் ஷாஃப்ட்டுகளும் சுற்றாமல் நின்றுவிடும். இரைச்சல் அடங்கினால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடங்காவிட்டால் வீல் பேரிங் அல்லது டயர்தான். சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வலப்பக்கம் லேசாக வளைக்கும்போது கூடினால், பாரம் ஏறும் இடது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் திரும்ப உதவும் மூட்டான பால் ஜாயின்ட் அல்லது கிங்பின்.

அடுத்தது 'டக் டக்'. இறுகிய தரையில் ஃபோர் வீலோடு ஒடித்தால் நல்ல வண்டியும் இழுத்து உதறும். முன்சக்கரம் பெரிய வட்டமும் பின்சக்கரம் சின்ன வட்டமும் போக, நடுவில் முறுக்கு ஏறுவதால் வருவது அது; பழுது அல்ல. இளகிய மண்ணிலும் சீராகத் தட்டினால் சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட் தேய்ந்திருக்கும். அது சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிந்திருக்கும்போதும் சீராகச் சுற்றும் இணைப்பு) என்றால் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறதா, சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்தும் சத்தம் வராத நிலையில் என்றால், கழுவிப் புது கிரீஸும் பூட்டும் போட்டுத் தப்பிக்கலாம். தட்டத் தொடங்கியபின் கிரீஸ் அடைப்பது வீண்.

முன் டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள். அதன் முனையில் இருக்கும் மடங்கும் மூட்டான யூ ஜாயின்ட்டில் துளி ஆட்டம் இருந்தாலும், கப்பைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து, டூ வீலிலேயே சில கிலோமீட்டர் ஓட்டினால் டிஃபரன்ஷியலில் சும்மா கிடக்கும் பற்களில் எண்ணெய் ஏறும். வண்டியை ஆழத் தண்ணீரில் இறக்கினால் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் சீல் வழியே உள்ளே போகும். அப்புறம், எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் திருகை முதலில் கழற்றுங்கள். வடிக்கும் திருகைத் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட்டு, மேல் திருகு அசையாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை. உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால், சரி, அப்போது டிஃபரன்ஷியலை இறக்கச் சொல்லுங்கள்.